வினாத்தாளுக்கு வலிக்கிறது

கண் மருத்துவத் துறையில் யாரும் முதலில் கண்ணைப் பார்க்கக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். நோயாளியின் பெயர், வயது, தொழில், வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, தாத்தாவுக்கு என்ன நோய் இருந்தது, அந்த நோயோடு தாத்தா எப்படி நடந்துகொண்டார் என்பதையெல்லாம் கேட்டு முடிக்க வேண்டும். பிறகு நகம், நாக்கு, கணுக்கால். இவ்வளவுக்கும் பிறகு பொழுது மிச்சமிருந்தால் கண்ணுக்கு வரலாம். வந்தாலும் நேரே உள்ளே போய்விடக் கூடாது. முதலில் இமை, அப்புறம் வெண்படலம், அப்புறம் கருவிழி என்று, கூச்சமுள்ள விருந்தாளியைப் போல ஒவ்வொரு அடியாக எடுத்துவைக்க வேண்டும்.

இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்குக் கேள்விகள் வரும். முதல் வகுப்பிலேயே எழுந்து நின்று, "சார், ஒரு சந்தேகம்" என்றாள். துறைத்தலைவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சந்தேகம் உட்காரட்டும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. விடுதியில் குளியலறைக் கதவைத் தட்டுகிறவர்கள்கூட, "உள்ள யாரு, சந்தேகமா?" என்றுதான் கேட்டார்கள்.

சந்தேகம் நன்றாகப் படிக்கிறவள். கண்புரை, கண்ணில் சதை வளர்வது, கருவிழிப் புண், கண் அழுத்தம் என்று ஒவ்வொரு நோயையும் விடுதி நடையில் மேலும் கீழும் நடந்து வாய்விட்டு ஒப்பிப்பாள். புத்தகத்தில் எல்லா நோய்க்கும் மூன்று பகுதிகள் உண்டு: காரணம், அடையாளம், சிகிச்சை. துறையில் அடையாளத்துக்குத்தான் மரியாதை. தலைவர் அடையாளங்களைச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. சிகிச்சை என்ற சொல் வரும்போது சரியாக மணி அடித்துவிடும். "மிச்சத்தைப் படிச்சுக்கங்க" என்று அவர் போய்விடுவார். நாலு வருஷத்தில் ஒரு நோயும் அந்த வகுப்பறையில் குணமானதில்லை.

ஒருநாள் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஐயா, இரும்புத் தூள் விழுந்திருச்சு. கொஞ்சம் எடுத்துவிட்டுருங்க."

சந்தேகம் டார்ச்சை எடுத்தாள். தலைவர் அவள் கையைத் தடுத்தார்.

"தூள் விழுந்துச்சுங்கறது நோயாளியோட அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு நாம வைத்தியம் பாக்கறதில்ல. தாத்தாவிலிருந்து ஆரம்பிம்மா."

அவள் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தாள். பட்டறைக்காரர் கண்ணீர் வழிய வழியப் பதில் சொன்னார். தாய்மாமனின் சர்க்கரை நோய்வரை வந்தபோது அவர் திடீரென்று கண்ணைத் திறந்தார். வழிந்த கண்ணீரில் தூளும் வெளியே வந்திருந்தது. அதைப் புறங்கையில் ஒட்டி எல்லோருக்கும் காட்டிவிட்டு, கும்பிடு போட்டுப் போய்விட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர், மாணவர்களிடம் திரும்பி. "வரலாறை முறையா கேட்டா பாதி நோய் தானாவே போயிடும்."

எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இறுதித் தேர்வு நெருங்கியதும் துறைக்கே ஒரு களை வந்துவிட்டது. செயல்முறைத் தேர்வுக்கு நோயாளிகள் வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோயாளியைக் கொடுத்து, என்ன நோய் என்று சொல்லச் சொல்வார்கள். அதனால் நல்ல நோயாக வந்தவர்கள் யாரும் வெளியே போக முடியாது. கட்டில்கள் நிரம்பின. முற்றிய கண்புரையோடு ஒரு பெரியவர் இருந்தார். கண்மணி பால் ஊற்றியதுபோல வெள்ளை. அவர் தினமும் காலையில் கேட்பார்:

"ஆபரேஷன் எப்பங்க?"

"உங்க புரை மாதிரி ஒரு புரை இந்த வட்டாரத்துலயே இல்ல. அதைப் போய் அவசரப்பட்டு எடுக்கலாமா?" என்பார் உதவிப் பேராசிரியர். பெரியவருக்கு உள்ளூர ஒரு பெருமை வந்து, வாயை மூடிக்கொள்வார்.

சந்தேகத்தால் வாயை மூட முடியவில்லை. "சார், எடுத்துட்டா அவருக்குக் கண்ணு தெரியுமே?"

"அவருக்குத் தெரியும்" என்றார் தலைவர். "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?"

ஆனாலும் தலைவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. புரை இருந்தது, சதை இருந்தது, மாறுகண் இருந்தது. திடீர்க் கண் அழுத்தம் மட்டும் இல்லை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி திடீரென்று அடைத்துக்கொள்ள, உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்குகிற நோய் அது. எப்போதாவதுதான் வரும், வந்தாலும் சொல்லிவிட்டு வராது. போன வருஷம் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கட்டில்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல யாருக்கும் அழுத்தமே ஏறாதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தக் கேள்வி தலைவருக்கு வருஷம் முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. இந்த வருஷமும் அதே தேர்வாளர்தான்.

சந்தேகத்துக்கு ஓர் அத்தை உண்டு. அப்பாவின் தங்கை. அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். குள்ளமான உருவம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டுதான் பிரேக்கை மிதிப்பாள். ஆனால் அவள் ஹாரன் அடித்தால் லாரிகளும் ஒதுங்கும். சில வாரங்களுக்கு முன்னால் போனில் சொல்லியிருந்தாள்:

"சாயங்காலமானா எதிர்ல வர்ற லைட்டைச் சுத்தி வானவில்லு மாதிரி வட்டம் தெரியுதுடி. லாரிக்காரனெல்லாம் மகான் ஆயிட்டான் போல."

இருவரும் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் சந்தேகம் கேட்கிறவள் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தபோது, மதியம், கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பிய அத்தைக்கு இடது கண்ணில் யாரோ துளைபோடுவது போல வலி வந்தது. வேனை ஓரம் கட்டி, கதவைத் திறந்து, வாந்தி எடுத்தாள். பின்னால் வந்த இன்னொரு வேன்காரர் அவளைக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார். சீட்டு கொடுக்கும் இடத்தில், "என்ன தொந்தரவு?" என்று கேட்டார்கள். அத்தை பதிலுக்கு இன்னொரு முறை வாந்தி எடுத்தாள். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் வயிற்றுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சேதி கேட்டுச் சந்தேகம் ஓடி வந்தபோது வயிற்று டாக்டர் அத்தையிடம் முந்தாநாள் சாப்பிட்டதை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எனக்குக் கண்ணு வலிக்குது" என்றாள் அத்தை.

"வாந்தி எடுத்தா கண்ணு வலிக்கத்தான் செய்யும். எண்ணெய்ல பொரிச்சது ஏதாவது?"

சந்தேகம் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கண் செவசெவ என்றிருந்தது. கருவிழி, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. கண்மணி பாதி விரிந்து, நீள்வட்டமாய், வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. மூடிய இமைமேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். நல்ல கண் பழம்போல மெத்தென்றிருந்தது. வலிக்கிற கண் கோலிக்குண்டு போலக் கெட்டியாக இருந்தது. விடுதி நடையில் ஒப்பித்த பக்கம் அப்படியே எழுந்துவந்து கட்டிலில் படுத்திருந்தது. 

உதவிப் பேராசிரியரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்தாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் லாட்டரி விழுந்தவனின் வெளிச்சம் இருந்தது.

"தலைவருக்குப் போன் போடுங்க" என்றார், குரல் தழுதழுக்க. "கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அந்த மருத்துவமனையில் தள்ளுவண்டி கேட்டால் வருவதற்குள் நோயாளி நடந்தே போய்விடுவது வழக்கம். அன்றைக்கு இரண்டு வண்டிகள் வந்தன. நாலு பேர் தள்ளினார்கள். கண் வார்டில் ஜன்னலோரக் கட்டில், புது விரிப்பு, இரண்டு தலையணை. வலியில் முனகிக்கொண்டே அத்தை சொன்னாள்:

"இம்புட்டு மரியாதையா! உங்க காலேஜு பரவால்லடி."

தலைவர் வந்தார். முதல்முறையாகத் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் நேரே கண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அற்புதம். கண்மணியைப் பாருங்க, புத்தகத்துல வரைஞ்ச மாதிரியே இருக்கு. அந்த ஆளு வரட்டும். அழுத்தமா கேட்டான் அழுத்தம்?"

"சார்" என்றாள் சந்தேகம். "ட்ரிப்ஸ் ஏத்தணும். சொட்டு மருந்து போடணும். அழுத்தம் இறங்கினதும் நீர் வடியறதுக்கு லேசர்ல துளை போடணும்."

"கரெக்ட். சிகிச்சையை நல்லா படிச்சிருக்க. இதைத்தான் நாளை மறுநாள் சொல்லணும்."

"சொல்றதுக்கில்ல சார். இப்பப் போடணும்."

தலைவர் பொறுமையான மனிதர். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"மருந்து போட்டா அழுத்தம் இறங்கிடும். அழுத்தம் இறங்கினா கருவிழி தெளிஞ்சிடும். தெளிஞ்சா வலி போயிடும், சிவப்பு போயிடும். அப்புறம் பரீட்சைக்கு என்ன மிஞ்சும்? ஒரு ஆரோக்கியமான அம்மாவைக் கொண்டுபோய்த் தேர்வாளர் முன்னாடி உக்கார வைக்கச் சொல்றியா?"

"பார்வை போயிடும் சார். புத்தகத்துல, கூடிய சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கு."

"நானும் அதைத்தான் சொல்றேன். பரீட்சை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடுவோம். அதுதான் நமக்குக் கூடிய சீக்கிரம்." நர்ஸிடம் திரும்பினார். "வலி மாத்திரை ஒண்ணு குடுங்க. நாமளும் மனுஷங்கதானே."

"சார், இவங்க என் அத்தை."

தலைவரின் முகம் மாறியது. அவருக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

"அத்தையா? பரீட்சை எழுதற பொண்ணுக்கு இங்க என்ன வேலை? வெளிய போ, வெளிய போ! உனக்கு அத்தைங்கறதெல்லாம் மத்தியானம் வரைக்கும். இப்ப அவங்க வினாத்தாள்."

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டார்கள். திரையில், 'வினா எண் ஒன்று, ரகசியம்' என்று ஓர் அட்டை தொங்கியது. அத்தையின் சீட்டு, சேர்க்கைத் தாள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். அதனால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. வார்டு வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். சந்தேகம் உள்ளே எட்டிப் பார்த்தபோது அவர், "பரீட்சைப் பொருளைப் பாக்கக் கூடாதும்மா" என்றார்.

உள்ளே மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேற்படிப்பு டாக்டர்கள் அணியணியாக வந்து, டார்ச்சு அடித்துப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போனார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது:

"ஏம்ப்பா, இத்தனை பேரு பாக்கறீங்களே, ஒருத்தராவது மருந்து போடுவீங்களா? இல்ல, எல்லாரும் பாத்துட்டுப் போறதுக்குத்தான் வந்தீங்களா?"

நர்ஸ் வெளியே வந்தபோது சந்தேகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எப்படி இருக்காங்க?"

"விரலைக் காட்டுனா மங்கலா ஏதோ அசையுதுங்கறாங்க." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "மருந்தெல்லாம் ட்ரேல எடுத்து வச்சிட்டேம்மா. கையெழுத்துதான் இல்ல."

மதியம் எண்ணக்கூடியதாயிருந்த விரல்கள் சாயங்காலம் அசைவாகிவிட்டன. நாளை மறுநாள் என்னவாகும் என்பது புத்தகத்திலேயே இருந்தது. சந்தேகம் கல்லூரி முதல்வரிடம் ஓடினாள்.

முதல்வர் நல்லவர். எழுந்து நின்றே கேட்டார். "நோயாளின்னா என் பொறுப்பு. வினாத்தாள்னா தேர்வுப் பிரிவோட பொறுப்பு. நான் தலையிட்டா நேர்மை என்ன ஆவுறது? அங்க போய்ப் பாரும்மா."

தேர்வு அலுவலரின் அறை முழுக்க இரும்பு அலமாரிகள். எல்லாவற்றிலும் சீல். அவர் மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு குச்சி அரக்கு, டீக் கோப்பை. டீக் கோப்பைக்கும் மூடி போட்டு வைத்திருந்தார்.

"சார், வினா எண் ஒண்ணுக்கு ரொம்ப வலிக்குது."

அலுவலர் யோசித்தார். "வினாத்தாளுக்கு வலிக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் புகார் குடுத்ததில்லையேம்மா. அதுக்குப் படிவமும் இல்ல."

"அதை மாத்த முடியாதா சார்? வேற கேள்வி வைக்க முடியாதா?"

"சீல் வச்ச வினாவை மாத்தறதா!" அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த விஷயத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் நன்றாகச் சொல்லக்கூடியவர். "மூணே காரணம்தான் உண்டு. கிழிஞ்சா மாத்தலாம். நனைஞ்சா மாத்தலாம். வெளியானா மாத்தலாம். அதுலயும் வெளியாச்சுன்னு வைங்க, நான் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டேன். உடனே ரத்து. முதல்வரைக் கேக்க வேண்டியதில்ல, துறைத்தலைவரைக் கேக்க வேண்டியதில்ல. ஒரு தடவை கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன். எலும்பு பாடத்துல ஒரு கேள்வி வெளியாயிடுச்சுன்னாங்க. எச்சில் கையோட வந்து ரத்து பண்ணேன். இந்தக் காலேஜுல வேற எதுக்கும் அவசரம் கிடையாதும்மா. அதுக்கு மட்டும் உண்டு."

சந்தேகம் அவருக்கு நன்றி சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள்.

விடுதி உணவுக்கூடத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையில் சோறு, மறு கையில் புத்தகம். அவள் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். மொட்டைக் கடிதம் போட்டால், செய்தி உண்மைதானா என்று விசாரிக்கவே இரண்டு நாள் ஆகும். சொல்கிறவள் முகம் தெரிய வேண்டும்.

"நாளன்னிக்குப் பரீட்சைல முதல் கேஸ், ஜன்னலோரக் கட்டில். திடீர்க் கண் அழுத்தம். இடது கண்ணு. வயசு ஐம்பத்திரண்டு. வேன் டிரைவர்."

புத்தகங்கள் பரபரவென்று புரண்டன. ஒருவன் கையைத் தூக்கினான்.

"இன்னொரு தடவை மெதுவா சொல்லு. கண்மணி எப்படி இருந்துச்சு?"

"இரண்டாவது கேஸ் என்னன்னு தெரியுமா?" என்று கேட்டாள் அவளுடைய அறைத்தோழி.

யாரும் அத்தை எப்படியிருக்கிறாள் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அவளை அத்தையென்று தெரியாது. சந்தேகம் பெஞ்சிலிருந்து இறங்கி, வெளியே அறிவிப்புப் பலகையில் எல்லாவற்றையும் சாக்பீஸால் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் தன் பெயரையும் தேர்வு எண்ணையும் போட்டாள்.

தேர்வு அலுவலர் சொன்ன சொல் தவறாதவர். டீயைக்கூட மூடாமல் ஓடி வந்தார். பலகையைப் படித்தார். அங்கேயே நின்று ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டு, கண் வார்டுக்குப் போய், அட்டையை அறுத்து, உறையின் அரக்கை உடைத்தார். தலைவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். திரையை விலக்கி அத்தையை ஒருமுறை பார்த்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

"சார், இனி இதை என்ன பண்றது?" என்று கேட்டார் உதவிப் பேராசிரியர்.

"என்ன பண்றது? வெறும் நோயாளி." தலைவர் திரும்பி நடந்தார். "ஏதாவது வைத்தியம் பாருங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் ஊசியைக் குத்தியிருந்தார். மருந்து நரம்பில் ஏறியது. சொட்டு விழுந்தது. மாத்திரை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் அத்தை முனகுவதை நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தலையணைகளில் ஒன்று மேடாக இருக்கிறது என்று குறை சொன்னாள். அதைக் கேட்டுத்தான் சந்தேகம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அழுத்தம் இறங்கிய பிறகு லேசரில் துளை போட்டார்கள். பார்வை திரும்பியது. முழுதாகத் திரும்பவில்லை. மூக்குப் பக்க ஓரத்தில் ஒரு துண்டு போனது போனதுதான். "காக்க வச்ச நேரத்துக்கு வட்டி" என்றாள் அத்தை. அன்றைக்கு முழுக்க ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டேயிருந்தாள். எண்ணிக்கை ஒன்று குறைவாகவே வந்தது.

தேர்வு முதல் கட்டிலில் ஓர் இமைக்கட்டியோடு நடந்து முடிந்தது. வெளியூர்த் தேர்வாளர் இமைக்கட்டியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், டீ குடித்தார். அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடியது.

நீள மேஜைக்குப் பின்னால் முதல்வர், தலைவர், தேர்வு அலுவலர். சந்தேகம் நின்றுகொண்டிருந்தாள். தலைவர் எழுந்தார். உண்மையிலேயே மனம் நொந்துபோயிருந்தார்.

"இந்தப் பொண்ணு நோயைச் சரியா கண்டுபிடிச்சுது. சிகிச்சையும் சரியா சொல்லுச்சு. அதெல்லாம் வேற விஷயம். அது இந்தக் குழுவுக்கு முன்னாடி இல்ல. இருபத்தாறு வருஷமா இந்தத் துறைல இருக்கேன். பரீட்சைக்குன்னு எடுத்து வச்ச ஒரு நோயாளி, ஒரே ஒரு நோயாளி, பரீட்சைக்கு முன்னாடி குணமானான்னு யாரையாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம்! அந்தப் பேரு போச்சு. ஒரே சாயங்காலத்துல போச்சு."

முதல்வர் அவர் பக்கம் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

அப்போது கதவு திறந்தது. அத்தை, இடது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் செருகிய புடவைத் தலைப்போடு நின்றாள்.

"நானும் சொல்லணும்" என்றாள்.

"உக்காருங்கம்மா, ஆனா பேசக் கூடாது" என்றார் தேர்வு அலுவலர், மிகவும் மரியாதையாக. "வினாத்தாள் சாட்சி சொல்றதுக்கு விதியில்ல."

"சாட்சி சொல்லல. நான் வினாதானே? கேக்கறதுதானே என் வேலை? ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வினா வினவக் கூடாது என்று எங்கேயும் இல்லை. தலையசைத்தார்.

"நான் அப்படியே படுத்திருந்து, எனக்குக் கண்ணு போயிருந்தா, உங்க பசங்கள்ல எத்தனை பேரு பாஸாகியிருப்பாங்க?"

தலைவர் கேள்வியை நியாயமாக எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். அவர் முகத்தில் மெல்ல ஒரு கனிவு வந்தது.

"எல்லாருமே பாஸாகியிருப்பாங்கம்மா" என்றார். "அவ்வளவு நல்ல கேஸ் நீங்க."

முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். அத்தை, "சரிங்க, தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். குழு, சந்தேகம் ஆறு மாதம் எந்தத் தேர்வும் எழுதக் கூடாது என்று ஏகமனதாக முடிவு செய்தது. கூடவே ஒரு புது விதியும் போட்டது: வருங்காலத்தில் தேர்வுக்கு வைத்திருக்கும் நோயாளியின் நோய் என்னவென்று நோயாளிக்கோ உறவினருக்கோ சிகிச்சை அளிப்பவருக்கோ தெரிவிக்கக் கூடாது.

நடையில் அத்தையும் மருமகளும் நடந்தார்கள். வலது கண்ணும் அதே வார்ப்புத்தான். அதிலும் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே அதிலும் ஒரு துளை போட்டுவிட்டால் பயமில்லை. லேசர் அறைக்குப் போய் நாள் கேட்பதுதான் பாக்கி. பின்னாலிருந்து செருப்புச் சத்தம் ஓடி வந்தது. உதவிப் பேராசிரியர்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தக் கண்ணுக்கு இப்ப அவசரமே இல்ல. ஒரு ஆறு மாசம் விட்டுப் பிடிக்கலாமே?" சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தலைவர் கோபமா இருந்தாலும் மனசு தங்கம். உங்க பொண்ணு திரும்ப எழுதறதும் அப்பத்தான். அதுக்குள்ள அந்தக் கண்ணுலயும் வந்துச்சுன்னா, அந்தக் கேஸை இவளுக்கே போட்டுடலாம்னு சொல்லச் சொன்னாரு. தெரிஞ்ச கேஸு. முழு மார்க்கு."

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவரை நன்றாகப் பார்த்தாள். ஓரத்தில் தெரியாத துண்டில் அவர் விழுந்துவிடாதபடி தலையைத் திருப்பி முழுசாகப் பார்த்தாள்.

"அவர்கிட்ட நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு மருமகளிடம், "ஏய், நடடி. பஸ்ஸு போயிடும்."

இரண்டு பஸ் மாறி அவர்கள் பக்கத்து ஊருக்குப் போனார்கள். டிரைவர் கியர் மாற்றுவது சரியில்லை என்று அத்தை வழியெல்லாம் முணுமுணுத்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. மருந்துக்கடை மாடியில் இரண்டே அறைகள், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், பெயர் எழுத ஒரு பெண். அந்தப் பெண் பேனாவை எடுத்து, "பேரு?" என்றாள்.

அத்தை பெயரைச் சொல்லவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லும்மா. இங்க பரீட்சை கிரீட்சை ஏதாவது வைப்பீங்களா?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அத்தையையும் சந்தேகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லம்மா. இங்க கண்ணு மட்டுந்தான் பாப்போம்."

"அப்ப எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, அத்தை தன் பெயரை நிறுத்தி, நிதானமாக, எழுத்துப் பிழை வராதபடி சொன்னாள்.